அளவெடுத்துச் செய்த கோல்ஃப் மட்டை: வாங்கும் முன் சில கணக்குகள்

கோல்ஃப் என்றால் பெருநகரச் செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. இராணுவக் குடியிருப்புகள், ஜாம்ஷெட்பூர் போன்ற ஆலை நகரங்கள், அசாமின் டிக்பாய் எண்ணெய் நகரம், நீலகிரியின் வெலிங்டன், மூணாறு தேயிலைத் தோட்டங்கள் என்று நாட்டின் பல மூலைகளில் இவ்விளையாட்டு அமைதியாக நடந்துகொண்டிருக்கிறது. மாற்றலாகி வந்த அதிகாரிகள், தோட்ட மேலாளர்கள், ஓய்வுபெற்ற படைவீரர்கள், அவர்களுடைய குடும்பத்தார் எனப் பலரும் ஆடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதன்முதலில் கையில் பிடித்தது சொந்த மட்டையன்று. நண்பர் இரவல் தந்தது, மன்றத்தின் மூலையில் கிடந்தது, பணி மாறிச் சென்ற ஒருவர் விற்றுவிட்டுப் போனது ஆகியவற்றில் ஒன்றாகவே அது இருக்கும்.

இவ்வாறு ஓரிரு ஆண்டுகள் சென்றபின் ஒரு கேள்வி எழுகிறது. கடையில் வரிசையாக நிற்கும் ஆயத்தத் தொகுப்பை வாங்குவதா, நம் உடலுக்கும் வீச்சுக்கும் அளவெடுத்து, அதற்கேற்பச் செய்த மட்டைகளை வாங்குவதா? ஓய்வூதியப் பயன்கள் கணக்கில் வந்து சேர்ந்த மாதத்தில் இக்கேள்வி சற்று உரக்கவே ஒலிக்கும். முன்னணி நிறுவனம் ஒன்றின் இரும்புத் தலை மட்டைகள், அதாவது 'அயர்ன்' தொகுப்பு மட்டுமே இன்று ஒரு லட்ச ரூபாயை எளிதில் தொடுகிறது. நெடுந்தூர அடிக்கான டிரைவர், குழியருகே தூக்கி அடிக்கும் வெட்ஜ், பந்தை உருட்டிக் குழியில் இடும் பட்டர் (வெண்ணெய்க்கும் இதற்கும் தொடர்பில்லை) ஆகியவற்றையும் சேர்த்தால் இரண்டு, மூன்று லட்சம் ஆவதில் வியப்பில்லை. விதிப்படி ஒருவர் தம் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஆசை கொண்ட மனத்துக்கு அந்த விதி வரம்பாகத் தோன்றுவதில்லை, அழைப்பாகவே தோன்றுகிறது.

அளவெடுப்பது வேறு, வாங்குவது வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்வது நல்லது. அளவெடுத்துக்கொள்வது ஆட்டத்தில் ஈடுபாடு கொண்ட ஏறத்தாழ எல்லார்க்கும் பயன் தரும். அதற்கு ஆகும் செலவும் ஒப்புநோக்கச் சிறியது. புதிய தொகுப்பை வாங்குவதோ எல்லார்க்கும் உடனடியாகத் தேவைப்படுவதில்லை. இவ்விரண்டையும் ஒரே அறையில், ஒரே மணி நேரத்தில், ஒரே விற்பனையாளரிடம் முடித்துக்கொள்ளும்போதுதான் பணம் வீணாகிறது.

வில் செய்தவரிடம் வாங்கிய மட்டை

அளவெடுத்துச் செய்வதைப் புதுமை என்று விளம்பரங்கள் கூறுகின்றன. உண்மையில் ஆயத்தத் தொகுப்புதான் பின்னால் வந்தது. ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் 1502ஆம் ஆண்டில் பெர்த் நகரில் வில் செய்யும் தொழிலாளி ஒருவரிடம் கோல்ஃப் மட்டைகள் வாங்கினார் என்பது அரசுக் கணக்கேட்டில் பதிவாகியிருக்கிறது. வில்லை ஒருவரது கையின் வலிமைக்கு ஏற்பச் செய்தவர்களிடமே மட்டையும் பிறந்தது என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஹிக்கரி மரத்தால் தண்டு செய்த காலம் முழுவதும் ஒரு மட்டையைப் போல் மற்றொன்று இருந்ததில்லை. ஆட்டக்காரர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அசைத்துப் பார்த்து, தமக்கு இசைந்ததைச் சேர்த்துக்கொண்டார்.

1829இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட கோல்ஃப் மன்றம் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்றும் நிலைத்திருக்கும் மன்றங்களுள் மிகப் பழமையானது. அங்கே ஆடிய முதல் சில தலைமுறையினர் அனைவரும் மரத்தண்டு மட்டையோடு ஆடியவர்களே. 1929இல் பிரிட்டனின் விதிக்குழு எஃகுத் தண்டுக்கு ஒப்புதல் அளித்தபின் நிலைமை மாறியது. ஆலைகளில் ஒரே சீராக, எண் பொறித்த தொகுப்புகளாக மட்டைகள் வெளிவரத் தொடங்கின. விலை குறைந்தது, தரம் நிலைத்தது. கூடவே, 'சராசரி ஆட்டக்காரர்' என்ற ஒரு கற்பனை மனிதரும் உருவானார். அந்த மனிதர் பெரும்பாலும் மேலைநாட்டு ஆண். வலக்கைப் பழக்கம் உடையவர். நடுத்தரத்தினும் சற்று உயரமானவர்.

கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர் இந்தக் கற்பனை மனிதரை நம்ப மறுத்தார். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபடியே தம் வீட்டு வண்டிக்கொட்டகையில் பட்டர் செய்யத் தொடங்கி, பிங் நிறுவனத்தை உருவாக்கியவர் அவர். ஆட்டக்காரரின் உயரத்தையும், மணிக்கட்டிலிருந்து தரைவரை உள்ள தொலைவையும் அளந்து, மட்டைத்தலை தரையோடு அமையும் கோணத்தை நிறப்புள்ளிகளால் குறிக்கும் முறையை அந்நிறுவனம் 1970களில் பரப்பியது. கருப்புப் புள்ளி இட்டது பொது அளவு. நீலம் சற்று நிமிர்ந்தது. சிவப்பு சற்றுப் படுத்தது. இன்றைய அளவெடுப்பு அறைகளின் கேமராக்களுக்கும் ரேடார்களுக்கும் முன்னோடி அந்த எளிய வண்ண அட்டைதான்.

எதையெல்லாம் அளக்கிறார்கள்?

முதலில் நீளம். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கை நீண்டிருக்கலாம். மற்றவருக்குக் கால் நீண்டிருக்கலாம். ஆகவே உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு மட்டையை எடுத்து நீட்டுபவர் அளவெடுப்பவர் அல்லர். காலணியுடன் நிமிர்ந்து நின்று, கைகளைத் தளரத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும்.

அடுத்தது 'லை' எனப்படும் கிடைக்கோணம். அடிக்கும் கணத்தில் மட்டைத்தலையின் அடிப்பகுதி தரையோடு எவ்வாறு படிகிறது என்பதை இது தீர்மானிக்கிறது. நுனி மேலெழுந்தால் வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்புறம் செல்லும். குதி மேலெழுந்தால் வலப்புறம் செல்லும். முகச்சாய்வு மிகுந்த குட்டை மட்டைகளில் இப்பிழை இன்னும் பெரிதாகத் தெரியும். தம் வீச்சில் குறை இருப்பதாக எண்ணிப் பல ஆண்டுகள் தோளையும் இடுப்பையும் திருத்திக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு உண்மையான குறை இந்த இரண்டு பாகைக் கோணத்தில் இருக்கிறது. கவலைக்குரிய செய்தி இது; அதே சமயம் நல்ல செய்தியும் கூட. ஏனெனில் அடித்து உருவாக்கிய மென்னெஃகுத் தலைகளைப் பட்டறையில் ஓரிரு பாகை வளைத்துக் கொடுத்துவிட முடியும். வார்ப்புத் தலைகளை வளைப்பது கடினம். சிலவற்றை வளைக்கவே கூடாது.

பந்தை எவ்வளவு உயரத்துக்கு எழுப்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் 'லாஃப்ட்' என்ற முகச்சாய்வு, தண்டின் எடை, தண்டின் வளைவுத்தன்மை, கைப்பிடியின் பருமன் ஆகியவை பின்னர் வருகின்றன. எஃகுத் தண்டு பொதுவாக 95 முதல் 130 கிராம் வரை இருக்கும். கிராஃபைட் தண்டு அதில் பாதியளவே கூட இருக்கலாம். வளைவுத்தன்மையைக் குறிக்க 'ரெகுலர்', 'ஸ்டிஃப்' என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். இவற்றுக்குப் பொதுவான தர அளவு எதுவும் கிடையாது என்பதை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் ரெகுலர் மற்றொரு நிறுவனத்தின் ஸ்டிஃபுக்கு இணையாக அமைந்துவிடலாம். ஒரு நிறுவனத்தின் மட்டையில் நமக்கு இசைந்த எழுத்தை வைத்துக்கொண்டு வேறு நிறுவனத்தின் மட்டையைத் தேடுவது, செருப்பின் எண்ணைச் சொல்லிக் கண்ணாடி வாங்குவதற்கு ஒப்பாகும்.

மாறுவதும் மாறாததும்

முடிவெடுக்க உதவும் மிக எளிய பிரிவு இதுதான். நம்மிடம் மாறாதவை சில உள்ளன: உயரம், கை நீளம், உள்ளங்கையின் அளவு. இவை வளர்ந்த ஒருவருக்கு அடுத்த ஆண்டும் இவ்வாறே இருக்கும். மாறுபவையும் சில உள்ளன: வீச்சின் வேகம், மட்டை வரும் பாதை, அது பந்தின்மீது இறங்கும் கோணம். முறையாகப் பயிற்சி பெறும் புதியவருக்கு இவை ஆறே மாதங்களில் மாறிவிடும்.

ஆகவே நீளம், கிடைக்கோணம், கைப்பிடி ஆகிய மூன்றையும் ஆட்டத்தைத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே அளந்து சரிசெய்துகொள்வது அறிவுடைமை. தண்டின் வகை, முகச்சாய்வு, தலையின் வடிவம் ஆகியவற்றுக்காகப் பெருந்தொகை செலவிடுவதற்கு, வீச்சு ஓரளவு நிலைபெறும்வரை காத்திருக்கலாம். இன்றைய வீச்சுக்குத் தைத்த சட்டை நாளைய வீச்சுக்குப் பொருந்தாமல் போகக்கூடும்.

வீச்சு நிலைபெற்றுவிட்டதா என்பதை எவ்வாறு அறிவது? இதற்குக் கணினி எதுவும் வேண்டியதில்லை. 7ஆம் எண் அயர்னின் முகத்தில் பவுடரை மெல்லிய படலமாகத் தூவி, இருபது பந்துகளை அடித்துப் பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் பின் முகத்தில் பதியும் தடத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இருபது தடங்களும் முகமெங்கும் சிதறிக் கிடந்தால் உங்களுக்குத் தேவை பயிற்சியாளர். எந்த விலையுயர்ந்த மட்டையும் அச்சிதறலை ஒன்றுசேர்க்காது. தடங்கள் ஓரிடத்தில் நெருங்கி, ஆனால் அந்த இடம் நடுவில் இல்லாமல் நுனிப்பக்கமோ குதிப்பக்கமோ ஒதுங்கியிருந்தால், உங்கள் உடல் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. மட்டைதான் தவறான இடத்தில் நிற்கிறது. அளவெடுப்பு அறைக்குச் செல்ல உகந்த நேரம் அதுவே. நடுவிலேயே நெருங்கி விழுந்திருந்தால், வாழ்த்துகள்; பணத்தை வைப்புக்கணக்கிலேயே விட்டுவைக்கலாம்.

கிடைக்கோணத்தையும் இதே எளிமையோடு சோதிக்கலாம். பந்தில் எழுதுகோல் மையால் ஒரு தடித்த நேர்க்கோடு வரைந்து, அக்கோடு மட்டையை நோக்கிச் செங்குத்தாக நிற்குமாறு பந்தை வைத்து அடித்தால், அது முகத்தில் பதியும். பதிந்த கோடு செங்குத்தாக இருந்தால் கோணம் சரி. சாய்ந்திருந்தால் கோணத்தைப் பட்டறையில் திருத்த வேண்டும். இரண்டு சோதனைகளுக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய் கூடச் செலவாகாது.

இங்கே ஓர் ஒப்பீடு சிந்திக்கத்தக்கது. அமெரிக்காவின் எல்பிஜிஏ சுற்றில் ஆடும் தொழில்முறைப் பெண்களின் சராசரி டிரைவர் வேகம் மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் என்று டிராக்மேன் ரேடார் நிறுவனம் வெளியிட்ட சராசரிகள் காட்டுகின்றன. பொழுதுபோக்காக ஆடும் ஆண்களின் சராசரி வேகமும் ஏறத்தாழ அதுவே. ஆனால் அப்பெண்கள் பந்தைச் சுமார் 200 மீட்டர் தொலைவுக்குக் காற்றிலேயே கொண்டுசெல்கிறார்கள். அந்த ஆண்களில் பலரோ பந்து உருண்டோடும் தொலைவைச் சேர்த்தும் அதை எட்டத் திணறுகிறார்கள். வேகம் ஒன்றுதான், மட்டையின் நடுவில் பந்து படுவதிலும், மட்டை இறங்கும் கோணத்திலும்தான் வேறுபாடு. இவ்வேறுபாட்டில் பெரும்பங்கு பயிற்சியால் வருவது. சிறுபங்கு மட்டையால் வருவது. அச்சிறுபங்குக்கும் விலை உண்டு, மதிப்பும் உண்டு. பெரும்பங்கை விட்டுவிட்டு அதை மட்டும் வாங்க முயல்வதுதான் நட்டக்கணக்கு.

இரவல் மட்டையில் உருவான வெற்றிகள்

அளவெடுத்த மட்டை இன்றியமையாதது என்று கூறுவோர் இந்தியக் கோல்ஃபின் வரலாற்றை எதிர்கொண்டாக வேண்டும். நம் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களில் பலர், பிறர் மட்டைப் பையைச் சுமந்து நடந்த உதவியாளர்களாகத் தொடங்கியவர்கள். டெல்லி கோல்ஃப் மன்றத்தில் அவ்வாறு தொடங்கிய அலி ஷேர் 1991இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். 1993இல் மீண்டும் வென்றார். பெங்களூரில் அவ்வாறே தொடங்கிய சின்னசுவாமி முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார். கல்கத்தா மன்றத்தின் புல்தரையைப் பராமரித்தவரின் மகனான எஸ்.எஸ்.பி. சௌராசியா 2016, 2017 என அடுத்தடுத்து இருமுறை வென்றார். நெடுந்தூரம் அடிப்பவர் அல்லர் அவர்; குழியருகே அவர் காட்டும் நுட்பத்தை வியந்து சக ஆட்டக்காரர்கள் 'சிப்பட்சியா' என்று பெயரிட்டார்கள். மும்பை செம்பூரின் நெருக்கமான சந்துகளில், கட்டடக் கம்பியை வளைத்து மட்டையாக்கிப் பிளாஸ்டிக் பந்தை அடித்துப் பழகிய இளைஞர்களைப் பற்றியும் நாளிதழ்கள் எழுதியிருக்கின்றன.

இவர்களைப் பார்த்து, அளவு என்பதே வீண் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. இவர்கள் சிறுவயதில் தம் உடலை மட்டைக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். அதற்கு ஒவ்வொரு நாளும் பல மணி நேரம், பல ஆண்டுகள் தேவைப்பட்டன. பன்னிரண்டு வயது உடல் அவ்வாறு வளையும். ஐம்பத்தெட்டு வயது முதுகு வளையாது. வாரம் ஒருமுறை ஆடுபவருக்கு அத்தனை மணி நேரமும் இல்லை. தொழில்முறை ஆட்டத்தில் கால் பதித்தபின் தம் அளவுக்கு அமையாத மட்டையோடு ஆடுபவரைக் காண்பதும் அரிது. ஆக, வயது ஏற ஏறவும், ஆடும் நேரம் குறையக் குறையவும், அளவின் முக்கியத்துவம் கூடுகிறது என்பதே சரியான முடிவாகத் தோன்றுகிறது. திறமை மிக்கவர்களுக்கே அளவெடுப்பு என்ற பரவலான கருத்து இந்த வகையில் தலைகீழானது.

பெண்களின் நிலை தனியே பேசத்தக்கது. கணவரின் பழைய தொகுப்பைக் கொண்டு ஆடத் தொடங்கும் பெண்கள் நம் மன்றங்களில் ஏராளம். ஐந்தடி ஓர் அங்குலம் உயரமுள்ள ஒருவர், ஆணுக்கென்று செய்த கனமான எஃகுத் தண்டை நடுவில் பிடித்தபடி ஆட முயல்வதும், பந்து எழும்பாதபோது தமக்கு இது வராது என்று விலகிவிடுவதும் வழக்கமாக நடப்பவை. குறை அவரிடம் இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே அளவெடுக்கப் பணம் இருக்குமானால், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவருக்கு முன் இவருக்கு எடுப்பதே நியாயம். டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கத்தை ஓர் அடியில் தவறவிட்டு நான்காம் இடம் பெற்ற பெங்களூரின் அதிதி அசோக், அப்போட்டியில் டிரைவரைக் கொண்டு மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களுள் ஒருவர். பட்டரே அவரை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுசென்றது. தூரம் குறைவு என்பதற்காக ஒருவர் ஒதுங்க வேண்டியதில்லை.

வளரும் பிள்ளைகளுக்கு விலையுயர்ந்த அளவுத் தொகுப்பு வேண்டாம். ஓராண்டில் மூன்று அங்குலம் வளரும் பிள்ளைக்கு, உயரத்துக்கேற்பப் படிப்படியாக விற்கப்படும் சிறுவர் மட்டைகள் போதும். பெரியவர் மட்டையை அறுத்துக் கொடுப்பது சிக்கனமாகத் தோன்றினாலும், அறுத்த தண்டு விறைத்துவிடும். தலையோ பெரியவருக்குரிய எடையோடுதான் இருக்கும்.

கணினித் திரையின் எண்கள்

இன்று பெருநகரங்களில் உள்ள அளவெடுப்பு அறைகளில் ரேடார் அல்லது அதிவேகக் கேமரா கொண்ட கருவிகள் இருக்கின்றன. பந்தின் வேகம், எழும் கோணம், சுழற்சி, சென்ற தொலைவு ஆகியவற்றை அவை மிகத் துல்லியமாக அளந்து திரையில் காட்டுகின்றன. கருவி பொய் சொல்வதில்லை. அது சொன்னதை நமக்கு விளக்குபவர் மட்டையும் விற்பவராக இருக்கும்போது நாம் சற்று விழிப்போடிருப்பது நல்லது.

மிகுதியாக நடப்பது இது: உங்கள் பழைய 7ஆம் எண் மட்டையில் அடிக்கிறீர்கள், பின்னர் புதிய 7ஆம் எண் மட்டையில் அடிக்கிறீர்கள். பந்து பதினைந்து கெஜம் கூடுதலாகச் செல்கிறது. மனம் உடனே வாங்கத் துணிந்துவிடும். ஆனால் சில பத்தாண்டுகளுக்கு முன் 7ஆம் எண் மட்டையின் முகச்சாய்வு 36 பாகையை ஒட்டியிருந்தது. இன்றைய புதிய மட்டைகள் பலவற்றில் அது 30 பாகை அல்லது அதற்கும் கீழே. முன்பு 6 அல்லது 5 என்று எண் பொறித்திருக்கக்கூடிய மட்டையில் 7 என்று பொறித்திருக்கிறார்கள். மட்டையின் வேறு முன்னேற்றங்களும் அதில் இருக்கலாம். ஆனாலும் கிடைத்த பதினைந்து கெஜத்தில் பெரும்பகுதி எண் மாற்றத்தின் விளைவே. எனவே எண்ணை ஒப்பிடாமல் பாகையை ஒப்பிடுங்கள். இரு மட்டைகளின் முகச்சாய்வையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றொன்று: திரையில் தெரியும் மிகச் சிறந்த அடியைப் பார்க்காதீர்கள். பத்து அடிகளில் மோசமான மூன்று எங்கே விழுந்தன என்று பாருங்கள். மைதானத்தில் நம் கணக்கை ஏற்றுபவை அந்த மூன்றுதான். பந்துகள் விழுந்த இடங்கள் எவ்வளவு நெருக்கமாக அமைந்தன என்பது, எவ்வளவு தூரம் சென்றன என்பதைவிட முக்கியம். டிரைவரில் இது இன்னும் உண்மை. தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் கடையில் கிடைக்கும் டிரைவரைவிடக் குட்டையானதையே பயன்படுத்துகிறார்கள். தண்டு நீள நீளப் பந்தை முகத்தின் நடுவில் சந்திப்பது கடினமாகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அறைக்குள் செயற்கைப் புல்விரிப்பில் அடிப்பதற்கும் நம் மைதானத்தில் அடிப்பதற்கும் வேறுபாடு உண்டு. வட இந்தியாவின் கோடையில் இறுகிக் கிடக்கும் தரையும், மழைக்காலக் கல்கத்தாவின் ஈரத் தரையும் ஒன்றல்ல. வெட்ஜ் மட்டையின் அடிப்புறப் புடைப்பு இறுகிய தரைக்குக் குறைவாகவும், நனைந்த தரைக்கும் மணற்குழிக்கும் கூடுதலாகவும் இருக்க வேண்டும். விரிப்பு இதைக் காட்டாது. உதகையின் உயரத்தில் காற்று மெலிவதால் பந்து சமவெளியைவிடக் கூடுதல் தொலைவு செல்லும்; அங்கே எழுதிய எண்ணைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் பந்து குழிக்கு முன்னரே நின்றுவிடும். எந்த மைதானத்தில் பெரும்பாலும் ஆடுகிறீர்கள் என்று கேட்காத அளவெடுப்பாளரிடம் நீங்களே முன்வந்து சொல்லுங்கள்.

பட்டருக்கு அளவெடுப்பதைப் பலர் கருதுவதேயில்லை. 72 அடிகள் என்று கணக்கிட்ட மைதானத்தில் ஒரு குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் பட்டருக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பாதிக் கணக்கு அதில் இருக்க, கண்கள் பந்துக்கு நேர்மேலே வருமாறு பட்டரின் நீளத்தைத் திருத்திக்கொள்ள ஆகும் சிறு செலவு, டிரைவருக்குச் செய்யும் செலவைவிடப் பன்மடங்கு பலன் தரும் என்பதே என் கருத்து.

பணக் கணக்கு

அளவெடுப்புக்குக் கட்டணம் இல்லை என்ற அறிவிப்பைக் கண்டால் மகிழ்ச்சியடைய வேண்டாம். அக்கட்டணம் மட்டையின் விலைக்குள் இருக்கிறது. வாங்காமல் வெளியே வரும் தயக்கத்திலும் இருக்கிறது. கட்டணம் செலுத்தி, அளவுகள் அனைத்தையும் எழுத்துவடிவில் பெற்றுக்கொண்டு, அன்றைய நாளில் எதையும் வாங்காமல் வீடு திரும்புவதே சிறந்த வழி. அத்தாளை வைத்துக்கொண்டு மூன்று வகையில் செயல்படலாம். இருக்கும் மட்டைகளையே திருத்தலாம்: கோணத்தை வளைப்பது, தண்டைச் சற்றுக் குறைப்பது, பிடியை மாற்றுவது. அந்த அளவுகளுக்கு நெருங்கிய பழைய தொகுப்பைத் தேடி வாங்கலாம். அல்லது புதிதாகச் செய்யச் சொல்லலாம். பலருக்கு முதல் வழியே போதுமானதாக இருக்கும். கைப்பிடிகள் நம் வெப்பத்திலும் வியர்வையிலும் விரைவில் இறுகி வழுக்கத் தொடங்குகின்றன. உள்ளங்கைக்கேற்ற பருமனில் புதிய பிடிகள் போட்ட பின் மட்டையே புதிதாகிவிட்டதோ என்று எண்ணுபவர்கள் உண்டு. மூட்டுவலி உடையவர்களுக்குத் தடித்த, மென்மையான பிடி தரும் ஆறுதல் தனி.

புதிதாக வாங்குவதென்று முடிவு செய்தால், தவணைத் திட்டங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். வட்டியே இல்லாத கடன் என்பது உண்மையில் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. 'கட்டணமில்லாத் தவணை' என்று இன்று வழங்கப்படுவதில், வட்டிக்கு நிகரான தொகையை விற்பனையாளர் விலையில் தள்ளுபடி செய்கிறார். ரொக்கமாக வாங்குபவர் அதே தள்ளுபடியைக் கேட்டுப் பெற முடியுமா என்று பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 1,80,000 ரூபாய் மதிப்புள்ள தொகுப்பைக் கடன் அட்டையில் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியில் 12 மாதத் தவணையாக மாற்றினால், மாதத் தவணை ஏறத்தாழ 16,250 ரூபாய். ஓராண்டு வட்டி சுமார் 15,000 ரூபாய். அவ்வட்டியின்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சுமார் 2,700 ரூபாய். செயல்முறைக் கட்டணம் இதற்கு மேல். ஆக 17,700 ரூபாய் கூடுதல். ஓராண்டுக்கு முன்பே திட்டமிட்டு, அத்தொகையைத் தொடர்வைப்பில் மாதந்தோறும் சேமித்தால் வட்டி நம் பக்கம் வரும். காத்திருக்கும் அந்த ஓராண்டும் வீணன்று. வீச்சு நிலைபெறுவதற்கு அதே காலம்தானே தேவைப்படுகிறது.

வெளிநாட்டு வலைத்தளங்களில் விலை குறைவாகத் தோன்றும். அட்டையின் செலாவணி மாற்றுக் கட்டணம், அதன்மீது வரி, அனுப்பும் செலவு, சுங்கத் தீர்வை ஆகியவற்றைக் கூட்டிய பின்பே ஒப்பிட வேண்டும். அளவெடுத்துச் செய்த பொருளைப் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது என்பதையும் கருத வேண்டும். நம்ப முடியாத விலையில் கிடைக்கும் 'புதிய' தொகுப்புகளில் போலிகள் மிகுதி. தண்டுக் கழுத்தில் பொறித்த வரிசை எண்ணை நிறுவனத்திடம் சரிபார்க்காமல் பணம் செலுத்த வேண்டாம். மேலும், ஒருவர் அளவுக்கென்றே செய்த மட்டையை விற்க நேர்ந்தால் வாங்குபவரும் அதே அளவினராக இருக்க வேண்டியிருப்பதால், விலை பொதுத் தொகுப்பைவிடக் குறைந்தே கிடைக்கும்.

செய்யச் சொன்ன மட்டைகள் வந்து சேர்ந்ததும் உறையைப் பிரித்து மைதானத்துக்கு ஓடுவதற்கு முன், அளவுத்தாளை எடுத்து ஒவ்வொரு மட்டையின் நீளத்தையும் அளந்து பாருங்கள். கிடைக்கோணத்தையும் முகச்சாய்வையும் பட்டறையில் கருவிகொண்டு சரிபார்க்கச் சொல்லுங்கள். ஆலையிலிருந்து வருவதிலும் ஒரு பாகை முன்பின்னாக அமைவதுண்டு. குறை தெரிந்தால் பயன்படுத்துவதற்கு முன் திருப்பி அனுப்புவதே எளிது. பின்னர் மட்டைகளைக் கோடை வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் விட்டுவைக்காதீர்கள்; தலையைத் தண்டோடு பிணைக்கும் பசை அவ்வெப்பத்தில் இளகக்கூடும். பழைய தொகுப்பை உடனே விற்றுவிடவும் வேண்டாம். இரண்டு மூன்று மாதங்கள் புதியவற்றோடு ஆடி, பவுடர் தூவிய முகத்தில் அந்த இருபது அடிகளை மீண்டும் அடித்து, முன்பு எழுதிவைத்த தாளோடு ஒப்பிட்ட பிறகு அதை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கலாம்.